புள்ளிக்கு ஒரு ஓனர்

கல்யாணம் ஆகிப் போற பொண்ணுகிட்டேருந்து எதையெல்லாம் வாங்கிக்கலாம்னு எங்க ஊர்ல ஒரு முறை வச்சிருக்காங்க. ஆனா நான் ராவும் பகலும் உக்காந்து எழுதின கம்ப்யூட்டர் கோடைப் பிடுங்குவாங்கன்னு நான் கனவுலகூட நினைக்கலை. பிடுங்கிட்டாங்க. சண்டை போட்டுப் பிடுங்கியிருந்தாலாவது பரவாயில்ல. கோயில்ல கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு, எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுட்டுச் சாவகாசமாப் பிடுங்கியிருக்காங்க. நினைச்சா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

நான் யாருன்னு சொல்லிடுறேன். மதுமிதா. திருமயத்துக்குத் தெக்கே எங்க ஊரு. வீடெல்லாம் பெரிசு பெரிசா இருக்கும், உள்ள ஆளுதான் இருக்க மாட்டாங்க. முக்காவாசிப் பேரு சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர்னு கிடக்காங்க. நான் ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலேருந்தே சாப்ட்வேர் வேலை பாக்கிறவ. போன தை மாசம் கல்யாணம் ஆகி இப்ப புதுக்கோட்டையில இருக்கேன். வீட்டுக்காரர் லக்ஷ்மணன், கீழராஜ வீதியில மருந்துக்கடை வச்சிருக்கார். அவருக்குச் சொந்த ஊரு அரிமளத்துப் பக்கம்.

கல்யாணத்துக்கு முந்தியே நான் ஒரு ஆப் எழுதினேன். பேரு 'வண்டி எங்க'. எங்க பக்கம் டவுன் பஸ்ஸு எப்ப வரும்னு அந்தப் பஸ்ஸுக்கே தெரியாது. அதனால பஸ்ஸுல ஏறினவங்க போன்ல ஒரு தட்டு தட்டினா, வண்டி எந்த ஸ்டாப்பைத் தாண்டியிருக்குன்னு அடுத்த ஊர்க்காரங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான் விஷயம். ஓப்பன் சோர்ஸாப் போட்டேன். அப்படின்னா கோடு முழுக்க வெளிப்படையா இருக்கும், யாரு வேணா படிக்கலாம், எடுத்துக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆனா யாரு என்ன செய்யலாம்கிறதுக்குப் படி உண்டு. பஸ்ஸுல போறவங்க ஸ்டாப்பைக் குறிக்கலாம். அதுக்கு மேல, வர்ற திருத்தத்தைப் பாத்துச் சேக்கிறவங்க. எல்லாத்துக்கும் மேல ஓனர். ஓனர் எதையும் செய்யலாம், மொத்தத்தையும் அழிக்கக்கூட செய்யலாம்.

ஆப்புக்கான கணக்கை ஊரு பேர்லதான் திறந்தோம். எங்க பெரியப்பா பெரியகருப்பன்தான் ஊர் கமிட்டித் தலைவர். "நம்ம ஊரு செஞ்சதுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும் ஆத்தா"ன்னார். சர்வரும் அதே கணக்குலதான், ஊரு ஏற்பாடு. ஓனர் லாகின் அவர்கிட்ட, சேக்கிற உரிமை எனக்கு, குறிக்கிற உரிமை பஸ்ஸுல போறவங்களுக்குன்னு பிரிச்சு வச்சிருந்தோம். நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு.

அதுல குறிக்கிறவங்களிலேயே கெட்டிக்காரி செவந்தி. எங்க ஊருக்கு அடுத்த ஊரு, கடலை போடுற குடும்பம். அந்தக்காவோட வீட்டுக்காரர் நாகராசுக்குக் கிட்னி ரெண்டும் போயிருச்சு. திங்கள், புதன், வெள்ளி காலையில புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில டயாலிசிஸ். மொத வண்டியைப் பிடிச்சாத்தான் அவருக்கு வச்ச பெட்டு அவருக்கு. லேட்டாப் போனா அடுத்த ஆளைப் படுக்க வச்சிருவாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, வெளியில அத்தனை பேரு காத்துக் கிடப்பாங்க. வாரத்துல மூணு தரம் ஆட்டோ பிடிக்க அவங்க என்ன மில்லா வச்சிருக்காங்க? அந்த வண்டிதான் அந்த மனுஷனுக்கு உசுரு. என் ஆப்பை நான் ஒருநாளும் விளையாட்டா நினைக்காததுக்குச் செவந்தியக்காதான் காரணம்.

சித்திரை கடைசியில எங்க ரோட்டுல தரைப்பாலத்தை இடிச்சுக் கட்டப் போறாங்கன்னு சேதி வந்துச்சு. வண்டி ஒருநாள் கண்மாய்க்கரை வழியாப் போகும், ஒருநாள் பழைய வழியிலேயே வரும், அன்னன்னைக்கு வேலை நடக்கிறதைப் பொறுத்ததுன்னாங்க. சரின்னு கண்மாய்க்கரை ரோட்டையும் ஆப்புல சேத்து எழுதினேன். ஞாயித்துக்கிழமை அதை உள்ள சேக்கப் போறேன், திரையில வருது: 'இதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை.'

எனக்கா? எனக்கு அனுமதி இல்லையா? நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இன்னொரு தரம் பாத்தேன். என் பேரு இருந்த இடத்துல என் பேரு இல்ல. ஓனர்னு இருக்கிற இடத்துல மட்டும் கல்யாணப் பத்திரிகையில சுற்றமும் நட்பும் போட்ட மாதிரி பேரு பேரா இறங்குது.

அன்னைக்குச் சாயங்காலமே லக்ஷ்மணனைக் கிளப்பிக்கிட்டு ஊருக்குப் போயிட்டேன். பெரியப்பா வாசலுக்கே வந்து, "வாங்க மாப்பிள்ளை, வாங்க வாங்க, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க"ன்னு அவரை உபசாரம் பண்ணினார். நான் நின்னுக்கிட்டே கேட்டேன்.

"பெரியப்பா, என் பேரை ஏன் எடுத்தீங்க?"

"யாரு ஆத்தா எடுத்தா? ஒனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சுல்ல."

"கல்யாணம் ஆனா எனக்குக் கோடு எழுத வராதா?"

"அதைச் சொல்லல ஆத்தா. புள்ளிக் கணக்குன்னு ஒண்ணு இருக்குல்ல? நீ இப்ப மாப்பிள்ளை ஊருல்ல."

புள்ளின்னா என்னன்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லணும். எங்க ஊர்ல கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு புள்ளி. கோயில் காரியம் எதுன்னாலும் எல்லாப் புள்ளிக்கும் ஒரே பங்கு, ஒரே உரிமை. கோடீஸ்வரனும் ஒரு புள்ளிதான், வீடு ஒழுகுறவனும் ஒரு புள்ளிதான். பொண்ணா பொறந்தவ புருஷன் புள்ளியோட ஒட்டிக்கிட்டு அந்த ஊருக்குப் போயிருவா. கோயிலுக்கு அது இருந்துட்டுப் போகட்டும், அதுக்குத் தனியா ஒரு நாள் வச்சுச் சண்டை போட்டுக்குவேன். இவங்க அதைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர்ல போட்டுட்டாங்க! ஊர்ல இருக்கிற அத்தனை புள்ளியையும் ஓனர் ஆக்கிட்டாங்க. சென்னையில இருக்கிற பெரியப்பா மகன் லாகின்ல போய் ஒவ்வொரு பேராத் தட்டியிருக்கான்.

"எல்லாருக்குமா ஓனர் குடுத்தீங்க?"ன்னு தலையில கை வச்சுக்கிட்டேன்.

"ஒருத்தருக்குக் குடுத்து ஒருத்தருக்கு விட்டா நாளைக்குப் பேச்சு வரும்ல."

"பெரியப்பா, ஓனர்ங்கிறது மாலை மரியாதை இல்ல. வீட்டை இடிக்கிற உரிமையும் அதுலயே சேந்திருக்கு."

"நம்ம ஆளுக யாரும் இடிக்க மாட்டாங்க ஆத்தா. பூரா படிச்சவுக." அப்புறம் ஏதோ பெரிய நல்ல காரியம் செஞ்ச மாதிரி, "வெளியூர் ஆளுக பேரும் நெறையாக் கிடந்துச்சு. அதையெல்லாமும் சுத்தம் பண்ணியாச்சு"ன்னார்.

வெளியூர் ஆளுகன்னா யாரு? பஸ்ஸுல போறவங்க! குறிக்கிறவங்க! செவந்தி! வண்டியில உக்காந்திருக்கிறவங்களுக்கு அனுமதி இல்லையாம், சிங்கப்பூர்ல ஏசிக்குக் கீழ தூங்குறவங்க ஓனராம். இவங்கள்ல ஒருத்தராவது அந்த டவுன் பஸ்ஸுல ஏறிப் பத்து வருஷம் ஆகியிருக்குமா?

நான் கத்தினேன். நல்லாவே கத்தினேன். செவந்தி கதையை, நாகராசு கதையை எல்லாம் சொன்னேன். பெரியப்பாவுக்கு மனசு இல்லாம இல்ல, "பாவம், பாவம்"னார். ஆனா தீர்மானம் தீர்மானமாம். கடைசியில என்னைச் சமாதானப்படுத்துறதா நினைச்சுக்கிட்டு, "வேணும்னா மாப்பிள்ளைக்குக் கௌரவ ஓனர்னு ஒண்ணு போட்டுடலாம், என்ன மாப்பிள்ளை?"ன்னாரே பாக்கணும்.

லக்ஷ்மணன் பதறிப் போய்ட்டார். "மாமா, என் போன்ல ரிங்டோன் மாத்தவே மதுதான் வரணும். என்னை விட்டுருங்க."

திரும்பி வரும்போது அவர் மெதுவாக் கேட்டார். "ஓப்பன் சோர்ஸ்தானே மது? முழுசும் ஒன்கிட்ட இருக்குல்ல? தனியா ஒண்ணு நடத்திட்டுப் போயேன்."

"ஒரே வண்டிக்கு ரெண்டு ஆப் வந்தா பாதிப் பேரு இதுல குறிப்பாங்க, பாதிப் பேரு அதுல பாப்பாங்க. ரெண்டுமே பொய் சொல்லும். அந்த அக்கா எதை நம்பி ரோட்டுல நிக்கும்?"னேன். அதோட எனக்கு ரோஷம் வேற. என் வீட்டுல இருந்து என்னை வெளிய தள்ளுவாங்களாம், நான் தெருவுல போய்க் கொட்டகை போட்டுக்கணுமாம்.

மறுநாள் திங்கக்கிழமை. செவந்திக்கு முன்னாடியே போன் பண்ணி, வண்டி கண்மாய்க்கரை வழியாத்தான் போகும் போலன்னு சொல்லி வச்சிருந்தேன். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? வண்டிக்குள்ள இருக்கிறவங்க குறிச்சாத்தானே எனக்கும் தெரியும். காலையில அந்தக்கா கூப்பிட்டுச்சு. எங்க வீட்டுப் பொண்ணுகளை வயசு பாக்காம ஆச்சின்னுதான் கூப்பிடுவாங்க.

"ஆச்சி, வண்டி போயிருச்சு ஆச்சி. நாங்க கம்மாக்கரை வெலக்குல நிக்கிறோம், வண்டி பழைய வழியில போயிருச்சாம். இவுகளால நிக்க முடியல, கல்லுல சாஞ்சு உக்காந்துட்டாக. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு."

லக்ஷ்மணன் கடையைப் போட்டுட்டுக் காரை எடுத்துக்கிட்டு ஓடினார். போய்ச் சேர்ந்தப்ப பெட்டு போயிருச்சு. சாயங்காலம்தான் கிடைச்சுச்சு. அது வரைக்கும் அந்த மனுஷன் மூச்சு வாங்கிக்கிட்டு வராண்டாவுல உக்காந்திருந்தார். நானும் போய்ப் பாத்தேன். செவந்தியக்கா அழலை. "புதன்கிழமையும் இப்படி ஆச்சுன்னா தாங்க மாட்டாக ஆச்சி. என் பேரை ஏன் எடுத்தாக? நான் எதுவும் தப்பாக் குறிச்சனா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிடலாம் போல இருந்துச்சு. தப்புப் பண்ணினவன் எல்லாம் ஓனரா இருக்கான், இது கேக்குது தப்பாக் குறிச்சனான்னு!

ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னு பெரியப்பாவைக் கூப்பிட்டேன். "நான் எழுதி அனுப்பின திருத்தம் அங்க கிடக்கு. புது ரோடும் இருக்கு, குறிக்கிறவங்க பேரும் இருக்கு. ஒரே ஒரு ஓனர் அனுமதின்னு ஒரு பட்டனைத் தட்டினாப் போதும். ஒரே ஒருத்தர்."

"இப்பவே குரூப்புல போட்டுர்றேன் ஆத்தா"ன்னார்.

போட்டார். ஊர் வாட்ஸ்அப் குரூப்புல 'மதுமிதாவின் திருத்தத்தை அனைத்துப் புள்ளிகளும் அனுமதிக்கவும்'னு போட்டார். உடனே கட்டை விரலா வந்து விழுந்துச்சு. கும்பிடு போட்டவங்க எத்தனை பேரு, 'வாழ்த்துகள்' சொன்னவங்க எத்தனை பேரு! ஒருத்தர் அம்மன் படம் போட்டார். சிங்கப்பூர்லேருந்து ஒருத்தர், 'மதுவுக்குப் பிறந்தநாளா?'ன்னு கேட்டார். பெரியப்பா எனக்குப் போன் போட்டு, "பாத்தியா ஆத்தா, ஏகமனதா ஒத்துக்கிட்டாக"ன்னார்.

"பட்டனை யாரு தட்டினா?"

"எந்தப் பட்டன்?"

அட கண்றாவியே! வாட்ஸ்அப்புல கட்டை விரலைக் காட்டினா ஆப்புல அனுமதி விழுந்துரும்னு அத்தனை புள்ளியும் நினைச்சுக்கிட்டிருக்கு. சரி, நீங்களாவது தட்டுங்கன்னா, பெரியப்பாவுக்குப் பாஸ்வேர்டு தெரியாது. மகன்கிட்ட இருக்கு. மகன் மீட்டிங்குல இருக்கான். அவன் மீட்டிங் முடியிறதுக்குள்ள நம்ம உசுரே போயிரும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் கூத்து. ஆத்மநாதன்னு ஒரு புள்ளி, கோயம்புத்தூர்ல நூல் வியாபாரம். ஓனர் ஆனதுலேருந்து அவருக்கு மெயிலா வந்து கொட்டியிருக்கு. யாரு எதைத் தொட்டாலும் ஓனருக்கு மெயில் போகும்ல? மனுஷன் எரிச்சலாகி, இதை நம்ம கணக்குலேருந்து எடுத்துருவோம்னு உள்ள போயிருக்கார். தேடித் தேடிக் கடைசியில சிவப்பா ஒரு பட்டனைப் பாத்திருக்கார்.

அவரே எனக்குப் போன் பண்ணிச் சொன்னார். "அழிக்கிறதா இருந்தா ஆப்போட பேரை முழுசா டைப் பண்ணுன்னு கேட்டுச்சும்மா. நான் சரியாத்தான் டைப் பண்ணினேன். ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. இப்ப எனக்கு மெயில் வரல, ஆனா ஊர்ல யாருக்கும் ஆப்பும் வரலைங்கிறாகளே?"

மொத்தமும் போச்சு. ரூட்டு, ஸ்டாப்பு, நான் எழுதினது, அத்தனை ஊர்க்காரங்க சேத்தது எல்லாம் போச்சு. ஒரு வெளியாள் கை வைக்கலை. பூராவும் படிச்சவுக! அந்தக் கணக்கு இருந்த சைட்டுக்காரங்களுக்கு எழுதிப் போட்டா மீட்டுக் குடுப்பாங்கதான், ஆனா அதுக்கு நாளாகும். விடிஞ்சா புதன்கிழமை.

உள்ளதைச் சொல்றேன், எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. கிடக்கட்டும், கெஞ்சிக்கிட்டு வரட்டும்னு இருந்துச்சு. ஆனா புள்ளிங்க யாரும் புதன்கிழமை காலையில ரோட்டுல நிக்கப் போறதில்ல, செவந்தியக்காதான் நிக்கப்போகுது. கம்பெனிக்கு லீவு சொல்லிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். முழுசும் அதுல இருந்துச்சு. புதுக் கணக்குத் திறந்து, புது சர்வர் பிடிச்சு, பொழுது சாயிறதுக்குள்ள ஏத்திட்டேன். இப்ப ரெண்டு ஆப்புங்கிற பேச்சுக்கே இடமில்ல, ஒண்ணைத்தான் ஆத்மநாதன் முடிச்சு வச்சுட்டாரே! பயணிகள் குரூப் எல்லாத்துக்கும் லிங்க் அனுப்பினேன். லக்ஷ்மணன் கடைக்கு மாத்திரை வாங்க வந்த, பஸ்ஸுல போற ஆளுக ஒவ்வொருத்தர் போனையும் கேட்டு வாங்கி, பழசைத் தூக்கிட்டுப் புதுசைப் போட்டுக் குடுத்திருக்கார். ரிங்டோன் மாத்தத் தெரியாத மனுஷன்.

இந்தத் தடவை படியை நான் போட்டேன். வேலை செஞ்சவங்களுக்கு உரிமை, அவ்வளவுதான் சட்டம். யாரைக் குறிக்கிறவங்களாச் சேக்கலாம், யாரை வேண்டாம்னு பாக்கிற பொறுப்பைச் செவந்தியக்காவுக்குக் குடுத்தேன். ஓனர் ஒரே ஒரு ஆள்.

புதன்கிழமை காலையில போனை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். முந்தின ஸ்டாப்புல யாரோ ஒரு காலேஜ் பொண்ணு, 'கண்மாய்க்கரைப் பக்கம் திரும்புது'ன்னு குறிச்சா. கொஞ்ச நேரத்துல கண்மாய்க்கரை விலக்குல செவந்தி பேரு விழுந்துச்சு. ஏறிட்டாங்க. நான் அடுப்படியில நின்னு ஓன்னு அழுதேன். பெட்டு கிடைச்சிருச்சுன்னு போன் வர்ற வரைக்கும் பல்லுகூட வெளக்கலை.

மத்தியானம் பெரியப்பா வந்தார். தனியா வந்தார், முகம் தொங்கிப் போயிருந்துச்சு. உக்காந்ததும், "ஆத்தா, எல்லாத்தையும் திருப்பி ஊரு பேர்ல போட்டுரு. கூட்டத்துல பேசிட்டேன். ஒன்னையும் ஓனராப் போட்டுருவோம். பொம்பளைப் புள்ளையா இருந்தாலும் விதிவிலக்கா"ன்னார்.

"விதிவிலக்கா?"ன்னேன். "நான் எழுதினதுல எனக்கு விதிவிலக்கா இடம் குடுக்கிறீங்களா? எத்தனை பேரு சேந்து செஞ்சாங்கன்னு இதுல வரிசையா இருக்கு, வந்து பாருங்க."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தார். "நம்ம ஆளுக பேரு ஒண்ணுகூட இல்லையே ஆத்தா."

"செஞ்சிருந்தா இருக்கும்."

"சரி, எல்லாருக்கும் வேணாம். தலைவர்னு ஒரு மரியாதைக்கு எனக்கு மட்டுமாவது..."

"மரியாதைக்குக் காபி போடுறேன் பெரியப்பா, குடிங்க. ராத்திரி சாப்பிட்டுட்டுப் போங்க. அனுமதி தர மாட்டேன்."

அவர் சட்டுனு நிமிந்தார். ஏதோ பிடிபட்ட மாதிரி லக்ஷ்மணனைப் பாத்தார். "அப்ப இது இனிமே மாப்பிள்ளை ஊருக் கணக்குல வருதாக்கும். அப்படிச் சொல்லுங்க."

லக்ஷ்மணன் சாப்பிட்டுக்கிட்டிருந்த கையோட எழுந்து வந்தார். "மாமா, எனக்கே அதுல அனுமதி கிடையாது. நேத்து கேட்டேன். நாலு நாள் பஸ்ஸுல போய்க் குறிச்சுட்டு வாங்க, அப்புறம் செவந்திகிட்ட சொல்லிப் பாக்கிறேன்னுட்டா."

பெரியப்பாவுக்குப் புரியவே இல்ல. ரெண்டு ஊருக் கணக்குலயும் வராத ஒண்ணு எப்படி இருக்க முடியும்னு அவருக்கு. மறுபடியும் திரைக்கிட்ட குனிஞ்சு, ஓனர்னு போட்டிருந்த இடத்துல விரலை வச்சு எழுத்துக் கூட்டுற மாதிரி படிச்சார். மதுமிதா. முன்னாடியும் பாத்தார், பின்னாடியும் பாத்தார்.

"இனிஷியல் என்னாத்தா போட்டிருக்க? ஒங்கப்பன் இனிஷியலா, மாப்பிள்ளை இனிஷியலா?"

"போடலை பெரியப்பா"ன்னேன்.